வெலிலே மறக்காத வாக்கியம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கருணையில் பிறந்தது, கண்ணீரில் பிறந்தது என்றெல்லாம் எழுதினால் பூமேசா என்னை உதைப்பாள்.

என் பெயர் நொம்பேகோ. கேப் டவுனில், கூகுலேத்துவில் இருக்கிறேன். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. எங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் மாத்திரைக் குழு ஒன்றை நடத்துகிறேன். எச்.ஐ.வி. உள்ள முப்பது பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவோம். எடை பார்ப்போம், மாத்திரைப் பொட்டலம் வாங்கிக்கொள்வோம், வம்பு பேசுவோம். கடைசியில் நான் ஒரு கதை வாசிப்பேன். எனக்கும் எச்.ஐ.வி. உண்டு. (இது கதையின் திருப்பம் இல்லை. எங்கள் தெருவில் இது செய்தியே இல்லை.)

ஒரு செவ்வாய்க்கிழமை, அதே குழுவில் இருக்கிற என் தோழி பூமேசா வீட்டுக்கு வந்து, தன் மூளையின் படத்தை என் சாப்பாட்டு மேசையில் வீசினாள்.

"எழுது" என்றாள்.

"எதை?"

"இதை. டாக்டரம்மா அரை மணி நேரம் சொன்னாங்க. வெளிய வந்து பஸ்ல உக்காந்தா ஒண்ணும் ஞாபகமில்ல. நீ எழுதிக் குடு, புரிஞ்சுக்கிறேன். ஆனா அழுகாச்சியா எழுதுன, தொலைச்சுப்புடுவேன்."

படத்தில் சாம்பல் நிறத்துக்கு நடுவே பொட்டுப் பொட்டாக வெளிச்சம். மூளை என்று சொல்லாவிட்டால் காலிஃபிளவர் என்று நினைத்திருப்பேன்.

2

முதல் தொடக்கம்:

'மனித மூளையில் ஏறத்தாழப் பாதி வெண்ணிறப் பகுதி. ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவதற்கான கம்பிகள் அதில்தான் ஓடுகின்றன. கம்பிகள் மேல் கொழுப்பு உறை ஒன்று சுற்றியிருக்கிறது. உறை நன்றாக இருந்தால் செய்தி வேகமாகப்'

படித்துக் காட்டினேன். பூமேசா கொட்டாவி விட்டாள்.

இரண்டாவது தொடக்கம்:

'அவள் தலைக்குள் ஒரு வெள்ளை ஆறு மெல்ல வற்றிக்கொண்டிரு'

இல்லை. ஆறு வேண்டாம். என் கையை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும்.

மூன்றாவது தொடக்கம் ஒரு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து. இது மட்டும்தான் தேறியது.

3

பூமேசாவுக்கு ஐம்பத்தாறு வயது. வாரநாட்களில் பள்ளிச் சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் பெண்கள் நெட்பால் லீக்கில் அம்பயர். பத்தொன்பது வருடமாக அந்த விசில் அவள் கழுத்தில் தொங்குகிறது. நெட்பாலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கடிகாரம் பார்க்க முடியாது, அம்பயரின் மனசுதான் கடிகாரம். பூமேசாவின் மூன்று விநாடி என்றால் மூன்று விநாடிதான் என்று ஊரே சொல்லும்.

அரையிறுதி ஆட்டம். தென்கிழக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கோல் அடிக்கிற பெண் பந்தை வாங்கினாள். நின்றாள். குறி பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கூட எண்ணிவிட்டேன். விசில் வரவில்லை. அவள் எறிந்தாள், பந்து வளையத்துக்குள் விழுந்தது, கூட்டம் கத்தியது. அப்போது விசில் வந்தது.

"என்னக்கா இது! கோல் விழுந்தப்புறம் ஊதுறே?"

"கண்ணு மைதானத்துல, காது வீட்டுலயா?"

"பூமேசாக்கா, அடுத்த வாரம் ஊத வேண்டியத இன்னைக்கே ஊதிட்டியா, இல்ல போன வாரத்துதா?"

கடைசிக் கிண்டல் வெலிலேயுடையது. வெலிலே எங்கள் மாத்திரைக் குழுவில்தான் இருக்கிறான். நாற்பத்து நாலு வயது. டாக்ஸி வேன்களுக்கு வெல்டிங் வைக்கிற தொழில். எந்த இடத்திலும் வாயை மூடாதவன்.

பூமேசா கோலை ரத்து செய்தாள். சட்டப்படி அவள் முடிவு சரிதான். ஆனால் அதற்குள் தண்ணீர்ப் பாட்டில்கள் பறந்தன. லீக் செயலாளர் நோட்ஷே அம்மா மைதானத்துக்குள் வந்து அவள் தோளில் கை வைத்து, "கொஞ்ச நாள் ஓய்வெடும்மா" என்றார். அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால்கூட பூமேசா தாங்கியிருப்பாள்.

அன்று என்னிடம் அவள் சொன்னது: "மூணு ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது, நொம்பேகோ. தெரிஞ்சுது. ஊதுன்னு சொன்னேன். வாய்க்குச் சேதி போகல."

(அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதவில்லை. எழுதத் தெரிந்திருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.)

4

பெரிய ஆஸ்பத்திரியில், நீண்டகாலம் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்க்கிற ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பூமேசா பெயர் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அந்தப் படம் வந்தது. அதை நான் சாப்பாட்டு மேசையில் பார்த்த மறுநாள், 'எனக்கும் ஒரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்க அவளோடு போனேன். டாக்டர் ஜாஃப்டா என் பழைய மாணவிகள் வயதுப் பெண். பொறுமைசாலி. அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கிருமி உடம்புக்குள்ள வந்த கொஞ்ச நாள்லயே தலைக்குள்ளயும் போயிடும்மா. அங்க ஒரு மாதிரி கனன்றுகிட்டே இருக்கும். கம்பி மேல இருக்கிற உறை அதுல கெடும். மாத்திரை ஆரம்பிச்சா அடங்கும். ஆனா முழுசா அணையுதுன்னு சொல்ல முடியாது."

"அப்ப கிருமிதான் காரணம்" என்றேன், நோட்டைத் திறந்து.

"பெரும்பாலும். ஆனா பழைய மாத்திரைங்க சிலது, அந்த உறைய உண்டாக்குற செல்லுங்களைத் தொந்தரவு பண்ணுதுன்னு ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க. கண்ணாடித் தட்டுல, எலியில. மனுஷங்கள்ல எவ்வளவுன்னு தெரியல."

"அப்ப மாத்திரையா?" என்றாள் பூமேசா.

"அப்படியும் சொல்ல முடியாதும்மா. உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"தொண்ணூத்தொம்பதுல."

"மாத்திரை?"

"ரெண்டாயிரத்து நாலுல. அதுக்கு முன்னாடி நம்ம ஆஸ்பத்திரியில ஏது?"

"அந்த அஞ்சு வருஷம் இருக்கு. ரத்த அழுத்தம் இருக்கு. வயசும் இருக்கு."

பூமேசா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "டாக்டர், எனக்கு ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. போய் அறைஞ்சுட்டு வந்துடறேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "கிருமி எவ்வளவு, மாத்திரை எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லணும்னா, மாத்திரையே சாப்பிடாத ஒரு பூமேசாவ இருபது வருஷம் பக்கத்துல உக்கார வெச்சுப் பாக்கணும்மா. அந்தப் பூமேசா இருபது வருஷம் இருந்திருக்க மாட்டாங்க."

பூமேசா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

இதை என் நோட்டில் எழுதிக்கொண்டேனா? எழுதிக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது. அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். கதையில் சேர்த்தேனா என்று கேளுங்கள்.

5

சேர்க்கவில்லை.

வாசகரே, நீங்கள் எப்போதாவது கதை எழுத உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். 'பெரும்பாலும்', 'அப்படியும் சொல்ல முடியாது', 'பிரிக்க முடியவில்லை'. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் தாண்ட முடியாது. கிருமியை வில்லனாக்கி எழுதினேன். இந்த ஊரில் அதை நாற்பது வருடமாக எல்லோரும் எழுதியாயிற்று, சலித்துப்போனது. அந்த ஐந்து வருடத் தாமதத்தை வில்லனாக்கி எழுதினேன். கதை கட்டுரையாகி, கட்டுரை மேடைப் பேச்சாகிவிட்டது. கிழித்தேன்.

பிறகு மாத்திரையை வில்லனாக்கினேன். அடேயப்பா, எப்படி ஓடியது தெரியுமா! காப்பாற்ற வந்தவனே கழுத்தறுக்கிறான். ஒரே மூச்சில் நாலு பக்கம். கடைசியில் இப்படி ஒரு வரி வந்து விழுந்தது:

'தினமும் அவள் எதை விழுங்கினாளோ அது தினமும் அவளை விழுங்கியது.'

எழுந்து நின்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அடுத்த குழு நாளில் வாசித்தேன். முப்பது பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அந்த வரி வந்ததும் கைதட்டல். பூமேசாவும் தட்டினாள். அறைவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டானே. ஆனால் தட்டிய கையாலேயே தன் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கதை வேறு, மாத்திரை வேறு என்று அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

கலைகிற நேரத்தில் வெலிலே பக்கத்தில் வந்து நின்றான். அன்று கிண்டல் எதுவும் வரவில்லை.

"அக்கா, எனக்குக் கை கொஞ்சம் நடுங்குது. வெல்டிங் கோடு நேரா வர மாட்டேங்குது. அப்ப அது மாத்திரைதானா?"

நான் எடை மெஷினை மடக்கிக்கொண்டிருந்தேன். அதன் கால் ஒன்று மடங்காமல் அடம்பிடித்தது.

"அட, கதைதானேப்பா அது" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

(இந்த இடத்தை ஏழெட்டு முறை திருத்தி எழுதியிருக்கிறேன். ஒன்றில் நான் அவனை உட்காரவைத்துப் பேசுகிறேன். ஒன்றில் டாக்டரிடம் அனுப்புகிறேன். ஒன்றில் எடை மெஷினே இல்லை. எல்லாம் பொய். நடந்தது மேலே இருப்பதுதான்.)

6

இரண்டு மாதம் கழித்து வெலிலே வரவில்லை. அவன் அக்கா மகள் சிந்திஸ்வா வந்து பொட்டலத்தை வாங்கிப்போனாள். ஒருமுறை வேறு ஆளை அனுப்பலாம் என்பது எங்கள் விதி, அதனால் டிக் அடித்தேன். அதற்கடுத்த முறை அவனே வந்தான், தாமதமாக, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு. எடை நாலு கிலோ குறைந்திருந்தது. "வேலை ஜாஸ்திக்கா" என்றான். டிக் அடித்தேன். மூன்றாவது முறை யாருமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமேசாவும் நானும் போனோம். அவன் அக்கா வீட்டுப் பின்கட்டில் அவனுடைய தகர வீடு. கதவு திறந்திருந்தது. வெலிலே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பில் கெட்டில் கருகி நாறியது. உள்ளே தண்ணீர் இல்லை. பூமேசா ஓடிப்போய் அணைத்தாள்.

"வெலிலே! என்னடா இது?"

அவன் எங்கள் பக்கம் திரும்பினான். மெதுவாக, யாரோ பின்னாலிருந்து தலையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"டீச்சர்... டீச்சர்..."

பெயர் வரவில்லை. பதினோரு வருடமாக என்னை 'நொம்பேகோக்கா, எடை மெஷின்ல எத்தனை கிலோ திருடுறே' என்று கேட்டுக்கொண்டிருந்தவன்.

"மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டேன்.

அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளைக்கு வருமே, அப்படி. நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:

"தினமும்... எதை விழுங்கினாளோ... அது தினமும்... அவளை விழுங்கியது."

என் பெயரை மறந்தவன் என் வாக்கியத்தை மறக்கவில்லை.

சிந்திஸ்வா பின்னால் வந்து அழ ஆரம்பித்தாள். "தினமும் கேப்பேன் பெரியம்மா, சாப்ட்டாச்சா மாமான்னு. ஆச்சும்பாரு. ஆச்சுன்னுதான் சொல்வாரு." பூமேசா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். பொட்டலங்கள் உள்ளே இருந்தன. நான் வாசித்த நாளில் வாங்கியதும் இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

பூமேசா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பக்கம் தோளப் பிடி" என்றாள். இரண்டு பேரும் அவனைத் தூக்கி டாக்ஸி வேனில் ஏற்றினோம். அவன் வெல்டிங் வைத்த வேனாகக்கூட இருக்கலாம். (அதை விசாரிக்கவில்லை. விசாரித்து எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும் என்று தோன்றியது. அதனாலேயே விசாரிக்கவில்லை.)

7

தலை சம்பந்தப்பட்டது என்பதால் டாக்டர் ஜாஃப்டாவே வந்து பார்த்தார். ரத்தத்தில் கிருமி பெருகியிருந்தது, முதுகுத் தண்டு நீரிலும். அவனுடைய படத்தையும் காட்டினார். பூமேசாவுடையதில் பொட்டுப் பொட்டாக இருந்த வெளிச்சம் இவனுக்கு இரண்டு பக்கமும் மேகம் மாதிரி படர்ந்திருந்தது.

"இது ஆறு மாசத்துல வந்ததும்மா" என்றார். "பூமேசா அம்மாவுக்கு இருபத்தஞ்சு வருஷத்துல வந்தது அவ்வளவுதான். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

நான் என் கதையைப் பற்றிச் சொன்னேன். அந்த நாலு பக்கத்தையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முதல் தடவையாக அவருடைய பொறுமை போயிற்று.

"இதுல ஒண்ணுகூட நீங்களா இட்டுக்கட்டுனது இல்ல. எல்லாம் நான் சொன்னதுதான். ஆனா நான் பத்து சொன்னேன் டீச்சர். நீங்க ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க."

அடுத்த குழு நாளில் முப்பது பேர் முன்னால், இருபத்தொன்பது பேர் முன்னால், நடந்ததைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "டீச்சர், நீங்க கதை சொன்னீங்களா, மருந்துச் சீட்டு எழுதுனீங்களா?" இன்னொருவர் "பாவம், விடுங்க" என்றார். இரண்டுமே உதவவில்லை. அன்று கதை இல்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எப்படி இருக்கிறீர்கள், எதையாவது நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். அவர்களைச் சிஸ்டரிடம் அழைத்துப்போனேன்.

பூமேசா அதே வாரம் நோட்ஷே அம்மாவைப் போய்ப் பார்த்தாள். தலையில் இன்ன கோளாறு, சேதி போக ஒரு மூச்சு கூடுதலாகிறது என்று மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மா யோசித்து, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களின் ஆட்டத்தைக் கொடுத்தார்.

"குட்டிங்க ஆட்டம்! எனக்கு! பத்தொம்பது வருஷம் ஊதுனவளுக்கு!" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"போகாதே, அப்ப."

"போகாம? அதுங்க பந்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. பாக்கவே வயிறு எரியுது. யாராவது ஊதணுமில்ல."

போகிறாள். சனிக்கிழமை தவறாமல், முணுமுணுத்துக்கொண்டே.

8

வெலிலேவுக்கு மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் என் பெயர் வந்தது. ஐந்தாவது வாரம் கிண்டல் வந்தது. சிஸ்டர் கொண்டுவந்த கஞ்சியைப் பார்த்து, "இதை வெச்சு டயர் பஞ்சர் ஒட்டலாம்" என்றான். பூமேசா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

"அக்கா" என்றான் என்னிடம், "அந்தக் கதைய மாத்திட்டியாமே."

"மாத்திக்கிட்டிருக்கேன்."

"முடிவு என்ன? மாத்திரையா, இல்லையா?"

"தெரியலடா. டாக்டருக்கே பிரிச்சுச் சொல்ல முடியல. மாத்திரை கொஞ்சம் உரசலாம். கிருமி எரிக்குது. அதை உன் படத்துலயே பாத்தோம். அதனால சாப்பிடு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசிக்க முன்னைவிட நேரம் பிடிக்கிறது.

"நல்லாவே இல்லையேக்கா. கைதட்ட மாட்டாங்க."

"தட்ட வேண்டாம்."

"அந்தப் பழைய வரி எவ்வளவு நல்லா இருந்துச்சு! இப்பகூட மனசுல நிக்குது. போக மாட்டேங்குது."

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் நல்ல வரியாகிவிடும். "விடுக்கா" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கின. "இது நேராகுமா?" என்றான்.

ஆறு மாதம் போகட்டும், அப்புறம் படமெடுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர் ஜாஃப்டா. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

9

ஆக, முடிவு.

ஒன்று: வெலிலே வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொள்கிறான், கோடு நேராக வரு

இரண்டு: வெலிலேயின் பட்டறை பூட்டிக்கிட

மூன்று: ஒரு நாள் டாக்டர் ஓடிவந்து, 'பிரித்துவிட்டோம் டீச்சர், இவ்வளவு கிருமி, இவ்வளவு மருந்து' என்

மூன்றையும் நிறுத்திவிட்டேன். எதுவும் இன்னும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றை அழகாக எழுதி ஒரு மனிதனைக் கிடத்தியாயிற்று, அது போதும்.

முடிவில்லாத கதை உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும்தான். தாங்க முடியாவிட்டால் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அதை யாரிடமும் கொடுப்பதற்கு முன்னால், தினமும் மாத்திரை சாப்பிடுகிற ஒருவரைத் தேடிப்போங்கள். எங்கள் ஊர் வரை வர வேண்டாம், உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை எடுக்கிற நேரமாகப் பார்த்து உங்கள் முடிவை உரக்க வாசியுங்கள்.

அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், முகம் பாராட்டும். கையைப் பாருங்கள்.